அப்பாவுக்கு வந்ததும் அம்மாவுக்கு வந்ததும் ஒரே மாரடைப்பா?

கேள்வி: என் வயது 31. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அப்போது 60 வயதான என் அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சை அழுத்திப் பிடிக்கும் வலி வந்தது. உடனே 108ஐ அழைத்தோம். விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்து முடித்துவிட்டார்கள். சென்ற மாதம் 56 வயதான அம்மாவுக்கு வந்தது அப்படி இல்லை. அவருக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு நாட்களாக மாடிப்படி ஏற முடியாத களைப்பு, தாடையிலும் முதுகின் மேற்பகுதியிலும் வலி, "நெஞ்சைக் கரிக்குது" என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஈ.சி.ஜி. எடுக்காமலேயே வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை வாந்தியும் வியர்வையுமாக விழுந்த பிறகுதான் மாரடைப்பு என்று தெரிந்தது. இப்போது இதயத்தின் இயங்கு திறன் 40 விழுக்காடு என்கிறார்கள். பெண்ணின் இதயம் வேறு மாதிரியானதா? இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மாத்திரைகளை எழுதியிருக்கிறார்களே, பெண்ணின் உடலுக்கு அளவைக் குறைக்க வேண்டாமா? முதல் பிரசவத்தின்போது எனக்கு இரத்தக்கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் போய், 35ஆவது வாரத்தில் குழந்தையை எடுத்தார்கள். எனக்கும் இது வருமா? இருவருடைய அறிக்கைகளையும், அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். நான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டாமா என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மாவை நீங்கள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள, 56 வயதுப் பெண்மணி ஒருவர் படியேறினால் களைப்பு, தாடையில் வலி, நெஞ்சில் கரிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தால், உள்ளே நுழைந்த பத்து நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட நெறி. அது அன்று நடக்கவில்லை. அந்தத் தவறு மருத்துவத்தின் பக்கம் நிகழ்ந்தது. அதைத் தூக்கி உங்கள் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆணின் இதயமும் பெண்ணின் இதயமும் அமைப்பில் ஒன்றுதான். அதே நான்கு அறைகள், அதே வால்வுகள், அதே மூன்று முக்கிய இரத்தக்குழாய்கள். ஆனால் சராசரியாகப் பார்க்கும்போது பெண்ணின் இதயம் எடை குறைந்தது; ஒரு துடிப்பில் அது வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் குறைவு என்பதால் சற்று வேகமாகத் துடிக்கிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உள்விட்டம், உடலின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பெண்களிடம் சற்றுக் குறுகலாகவே இருக்கிறது. பெரும்பாலான ஆண்களில் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் மாரடைப்பு வருகிறது. பெண்களிலும் அது உண்டு. ஆனால் திட்டு வெடிக்காமல் அதன் மேற்பரப்பு மட்டும் அரிக்கப்பட்டு இரத்தம் உறைவது, ஆஞ்சியோகிராமில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சுருங்கிப்போவது, பிரசவத்தை ஒட்டிய காலத்தில் குழாயின் சுவரே உள்ளுக்குள் கிழிந்துகொள்வது போன்றவை ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகின்றன. "ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களில் சிலருக்கு உண்மையிலேயே இதய நோய் இருந்திருக்கிறது என்பதை எங்கள் துறை கொஞ்சம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

இவையெல்லாம் சராசரிகள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பொதுவாகப் பெண்களைவிட உயரம் என்றாலும், உங்கள் தெருவிலேயே பல ஆண்களைவிட உயரமான பெண்கள் இருப்பார்கள். உடற்கூற்று வேறுபாடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. அவை மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன நோய் என்பதைச் சொல்லிவிடாது.

அம்மாவின் விஷயத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியவை இரண்டு. முதலாவது மாதவிடாய் நின்றது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் காலம்வரை பெண்ணின் இரத்தக்குழாய்கள் இளக்கமாக இருக்கின்றன. நல்ல கொழுப்பும் கூடுதலாக இருக்கிறது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதையொட்டி அந்தப் பாதுகாப்பு விலகுகிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 9 ஆண்டுகள் தாமதமாக வருவது தெரிந்தது. "பொம்பளைங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராது" என்று நம் வீடுகளில் சொல்வதன் வேர் இந்த 9 ஆண்டுகளில்தான் இருக்கிறது. தாமதமாக வருவதை வராது என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். (ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு திரும்ப வருமா என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் சோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை கூடியதைக் கண்டு 2002இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். ஆகவே இதயத்தைக் காக்க ஹார்மோன் மாத்திரை கேட்டு யாரிடமும் போக வேண்டாம்.)

இரண்டாவது, சர்க்கரை நோய். சர்க்கரை நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், அது உள்ள ஆணுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.2 மடங்காகிறது, பெண்ணுக்கோ 2.8 மடங்காகிறது. எட்டரை லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வின் முடிவு இது. பெண்ணுக்கு இயற்கை கொடுத்த அந்தச் சில ஆண்டு அவகாசத்தைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் பறித்துக்கொள்கிறது. அதோடு, நீண்ட காலச் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்படும்போது, இதயத்தின் வலியே மழுங்கலாகத்தான் வெளியே தெரியும்.

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன். பெண்களுக்கு மாரடைப்பின்போது நெஞ்சுவலியே வராது என்று ஒரு செய்தி பரவிவருகிறது. அது சரியில்லை, அது சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். எடின்பரோவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு உறுதியான ஆண்களிலும் பெண்களிலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு நெஞ்சில் வலி இருந்தது. அதோடு கழுத்து, தாடை, முதுகு வலியும், குமட்டலும், படபடப்பும் பெண்களிடம் கூடுதலாக இருந்தன. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், மாரடைப்பாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் முன்பே ஐயப்பட்டவர்கள். உங்கள் அம்மாவைப் போல ஐயப்படாமலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

நான் பார்த்தவரை, நம் பெண்கள் நெஞ்சில் தோன்றும் அந்த உணர்ச்சியை "வலி" என்ற சொல்லால் குறிப்பதே அரிது. வலி என்றால் அவர்களுக்குப் பிரசவ வலி. அதற்குக் குறைந்த எதுவும் வலிக் கணக்கில் சேராது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "என்ன செய்யுது?" என்று கேட்டால்தான் கரிக்குது, அடைக்குது, இறுக்குது, மேல்மூச்சு வாங்குது, தாடை இழுக்குது, கை குடையுது என்று ஒவ்வொன்றாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி கையில் சுருட்டிய துண்டோடு என் அறைக்கு வந்தார். காலை ஐந்தரைக்கு நெஞ்சு அடைக்கத் தொடங்கியிருக்கிறது. மகனுக்குச் சாப்பாடு கட்டி, குக்கரை இறக்கி, சேலை மாற்றிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே கால். துண்டால் வியர்வையைத் துடைத்துத் துடைத்து அவருடைய நெற்றிப் பொட்டு அழிந்திருந்தது. ஈ.சி.ஜி. தாள் வெளியே வந்தபோது, இதயத்தின் முன்சுவர் முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இழந்த அந்த மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஈஸ்ட்ரோஜனும் குறுகிய குழாயும் காரணமில்லை. அதை உயிரியல் வேறுபாடு என்று நாம் எழுதிவிட்டால், நாம் திருத்தக்கூடிய ஒன்றைத் திருத்த முடியாதது என்று ஒதுக்கிவைத்தவர்களாவோம்.

ஈ.சி.ஜி. எடுக்கும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சில் ஒட்டும் ஆறு முனைகளில் நான்காவதை ஐந்தாம் விலா இடைவெளியில், பொதுவாக இடது மார்பகத்துக்குக் கீழே சரியாக வைக்க வேண்டும். எடுப்பவர் கூச்சப்பட்டு அதை மேலேயோ பக்கவாட்டிலோ ஒட்டிவிட்டால் பதிவு மாறிவிடும். இல்லாத பாதிப்பு தெரியும், அல்லது இருப்பது மறையும். திரை மறைவும் ஒரு பெண் பணியாளரும் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். இதைக் கேட்டுப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு. டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையிலும் இப்படித்தான்: இதயத் தசை சேதமடைந்ததைக் காட்டும் அந்தப் பொருள், நலமாக இருக்கும் பெண்களின் இரத்தத்தில் ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கும். அதிகம் பயன்படும் ஒரு நுண்பரிசோதனை முறையில் ஆண்களுக்கான வரம்பு 34 என்றால், பெண்களுக்கு 16 மட்டுமே. இருவருக்கும் ஒரே வரம்பை வைத்துப் படித்தால், 20 என்று வந்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் தவறவிட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் படித்த பாடங்களில் பெரும்பகுதி ஆண்களின் உடலிலிருந்து எழுதப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தீங்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். அந்த வழிகாட்டுதல் 1993இல்தான் விலக்கப்பட்டது. தினம் விட்டுத் தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டால் முதல் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று 1980களின் இறுதியில் காட்டிய புகழ்பெற்ற ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பின்னர் ஏறத்தாழ 40,000 பெண்களிடம் பத்தாண்டுகள் சோதித்து 2005இல் வெளியிட்டபோது, மொத்தத்தில் முதல் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்தது. இதைப் படித்துவிட்டு அம்மாவின் ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வுகள் அதுவரை நோய் வராதவர்களிடம் செய்யப்பட்டவை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், ஆஸ்பிரினும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் இரண்டாவது இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் உயிர்காக்கும் மருந்துகள். ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது.

மாத்திரையின் அளவைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெண்ணின் உடல் சில மருந்துகளை மெதுவாக வெளியேற்றுகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை: அதைச் சாப்பிட்ட பெண்களின் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் மருந்து கூடுதலாக மிஞ்சி, வண்டி ஓட்டுவதே ஆபத்தாகலாம் என்று கண்டு, 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தார்கள். ஆனால் அம்மா சாப்பிடும் இதய மாத்திரைகளில் எதற்கும் அப்படி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குப் பாதி என்ற அளவு வகுக்கப்படவில்லை. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவோம், குறைப்போம். பக்கவிளைவுகளில் வேறுபாடு உண்டு. பட்டியலில் உள்ள ராமிப்ரில் மாத்திரையால் வரும் வறட்டு இருமலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் வரும் தசைவலியும் பெண்களிடம் அதிகம். அவை வந்தால் மாற்று மருந்து இருக்கிறது. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய அறிக்கைகளில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் கிரியாட்டினின் 1.2, அம்மாவுடையதும் 1.2. அவை இயல்பு நிலை என்றே இரண்டு தாள்களிலும் இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை குறைவாக உள்ள பெண்ணின் இரத்தத்தில் அது 1.2 வரை ஏற வேண்டுமானால், சிறுநீரகம் அந்த அளவுக்கு மெதுவாக வடிகட்டுகிறது என்று பொருள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 62 வயது அப்பாவின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 68. 56 வயது அம்மாவுக்கோ 53தான். ஆண், பெண் உடல்களுக்கு இடையிலான வேறுபாடு உங்கள் கையிலிருக்கும் தாளிலேயே இப்படி ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் சிறுநீரக நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் மருந்தாலும் இந்த எண் சில நாட்கள் ஏறியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலின் கடைசியில் "முட்டி வலிக்கு" என்று எழுதியிருக்கும் டைக்லோஃபினாக் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுக்கும் அந்த மாத்திரை மாரடைப்பு வந்த இதயத்துக்கும் ஆகாது, தளர்ந்துவரும் சிறுநீரகத்துக்கும் ஆகாது. முட்டிக்கு வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

இதயத்தின் இயங்கு திறன் 40 விழுக்காடு என்பது இறுதித் தீர்ப்பு அன்று. இதயத்தின் அறையில் நிறையும் இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு அது. இயல்பான அளவு 55க்கு மேல் என்பதால் அது குறைவுதான். ஆனால் மாரடைப்பு வந்த முதல் சில வாரங்களில் இதயத் தசையின் ஒரு பகுதி இறக்காமல் மயங்கியபடி இருக்கும். சரியான மாத்திரைகளோடு அது மெல்ல எழுந்திருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. கர்ப்ப காலத்தில் இரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதமும் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. பிரசவம் முடிந்ததும் அழுத்தம் இறங்கிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பேறுகாலக் குறிப்பேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இதய மருத்துவரிடம் போகும் பெண் அதை எடுத்துப்போவதில்லை; அவரும் கேட்பதில்லை. 31 வயதில் இந்த இரட்டிப்பு என்பது, மிகச் சிறிய எண் ஒன்றின் இரட்டிப்புதான்; அதனால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் அம்மாவைப் பார்க்க வரும் பணியாளரிடமே உங்கள் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லலாம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசித்தால், கருத்தரித்த பன்னிரண்டாவது வாரத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் முந்தைய கதையைச் சொல்லிவிடுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினால் அது திரும்ப வருவதைக் கணிசமாகக் குறைக்கலாம்.

அப்பா இரண்டு மாதம் ஓய்வெடுத்தார், அம்மா வீடு திரும்பிய எட்டாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பலமுறை படித்தேன். மாரடைப்புக்குப் பின் படிப்படியாக நடைப்பயிற்சி, உணவு மாற்றம், மாத்திரைக் கண்காணிப்பு, மன ஆறுதல் எல்லாம் சேர்ந்த மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெண்கள் வருவது ஆண்களைவிடக் குறைவு என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. வீட்டு வேலையைப் பயிற்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். குனிந்து நிமிர்வதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் இதயத்துக்கான பயிற்சி இல்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு, சமதரையில் பத்து நிமிடம், பேச்சு முட்டாத வேகத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போகும் நடைதான் பயிற்சி. அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்பதை அப்பாவும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

மீண்டும் எப்போதாவது அம்மாவுக்குக் கரிப்போ அடைப்போ தாடை இழுப்போ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், ஓமத் தண்ணீரைத் தேடாமல் 108ஐ அழையுங்கள். வழியில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமே என்றாலும் நேரே அங்கே போங்கள். இதயம் காப்போம் திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகளை 2023 முதல் அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இப்போது எடுத்த ஈ.சி.ஜி. தாளை உங்கள் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் உள்ள பதிவு நாளடைவில் மங்கிவிடும். புதியதோடு ஒப்பிட மருத்துவருக்குப் பழையது வேண்டும்.